நாய்க்கு வேலை இருக்கிறது: நம் ஞாயிறு நடைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறு காலை நடைக் குழுவின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், நம் எல்லோருக்கும் மூத்தவரான தாத்தாவுக்கும் வணக்கம்.

புதன்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வந்த புது விதியைப் படித்தேன். "நாய் கொண்டு வருபவர்கள் அதை நிற்கவிடாமல் கூட்டி வரவும். நின்றால் இழுத்து வரவும். குழு காத்திருக்காது." அதற்குக் கீழே ஒருவர், "நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். இங்கே நாய்க்கு நிற்க மட்டும்தான் நேரம் இருக்கிறது" என்று போட்டிருந்தார். வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் ஒன்று என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பழமொழி என் நாய் மிளகு விஷயத்தில் தலைகீழ். அவளுக்கு வேலை இருக்கிறது, அதை நின்றுதான் செய்ய முடியும். இதைக் குரல் செய்தியாக அனுப்பினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் பக்கம் திரும்பி, ரோபோவுக்கு முந்தின மின்கம்பம். (ஊரிலிருந்து யாராவது இதைப் படித்தால்: தென்னாப்பிரிக்காவில் டிராபிக் சிக்னலுக்குப் பெயர் ரோபோ. நாங்கள் யாரும் விஞ்ஞானி இல்லை.) கம்பத்தின் அடியில் ஒரு கொத்துப் புல். மிளகு அதில் ஒரே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வேர்வரை மூக்கால் இறங்கினாள். பாதியில் நின்றாள். மறுபடி மேலே போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்புறம் நாக்கை ஒரு தடவை வைத்து எடுத்து, குளிரில் நடுங்குவது போலப் பல்லைக் கடகடவென்று ஆட்டினாள். வாயோரம் லேசாக நுரை. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். நீங்கள் எல்லோரும் ரோபோவைத் தாண்டிவிட்டீர்கள்.

அப்போது நம் அண்ணன் ஒருவர் உதவுகிற நல்லெண்ணத்தில் திரும்பி வந்தார். "விடு தம்பி, இப்படியெல்லாம் செல்லம் கொடுக்கக் கூடாது" என்று லீஷை வாங்கி ஒரு இழு இழுத்தார். நாலு காலும் தார்ச்சாலையில் தேய்ந்தன. தொண்டையிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம். மூத்தவரிடம் என்ன சொல்வது என்று நான் பேசாமல் வந்துவிட்டேன். அது என் தப்பு. அண்ணன் மேல் கோபமில்லை, முதல் வருஷம் முழுக்க நானும் அதையேதான் செய்தேன். ஆனால் அந்த இழுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழுத்துப் பட்டையில் அழுத்தம் விழும்போது நாயின் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடுகிறது, நெஞ்சோடு மாட்டும் ஹார்னெஸில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006இல் வந்த ஒரு ஆய்வு அளந்தே காட்டியிருக்கிறது. இந்த வாரம் மிளகுக்கு ஹார்னெஸ் வாங்கிவிட்டேன். நாய் வைத்திருக்கும் மற்ற மூன்று வீட்டாரும் வாங்கினால் நல்லது.

சரி, அந்தப் புல்லில் அப்படி என்னதான் இருந்தது?

கோலப்பொடிக்கு முன்னால் குனிந்து பெருமூச்சு விட்டால் என்ன ஆகும் என்று அக்காமாருக்குத் தெரியும். நாம் ஒன்றை மோந்து பார்க்கும்போது நடப்பது அதுதான்: இழுத்த வழியிலேயே மூச்சை விட்டு, இருக்கிற வாசத்தையும் கலைத்துவிடுகிறோம். நாயின் மூக்குத் துவாரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு பிளவு உண்டு. வெளியே போகும் மூச்சு அந்தப் பிளவு வழியாக ஓரமாகப் போய்விடும். முன்னால் இருக்கும் வாசம் கலையாது, புது வாசம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். நொடிக்கு ஐந்து தடவை வாக்கில் இப்படி இழுக்கிறது. உள்ளே போன காற்றிலும் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போக, ஒரு பங்கு மட்டும் தனியாகப் பிரிந்து மூக்கின் பின்புறத்து அறைக்குப் போகிறது. வாசம் அறியும் செல்கள் மொய்த்துக் கிடக்கும் இடம் அது. நமக்கு அந்தச் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்துப் பத்துக் கோடி முதல் முப்பது கோடி வரை சொல்கிறார்கள். அந்தப் பல் ஆட்டம் இருக்கிறதே, அது வேறு வேலை. மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இரண்டாவதாக ஒரு வாசனை உறுப்பு இருக்கிறது. இன்னொரு நாயின் சிறுநீரில் உள்ள சேதியை அங்கே தள்ளிவிடத்தான் நக்குவதும் பல்லை ஆட்டுவதும்.

2022இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நாய்களின் மூளையைப் படம் எடுத்தபோது, வாசனையை வாங்கும் பகுதியிலிருந்து பார்வைப் பகுதிக்கு நேராக ஒரு நரம்புப் பாதை ஓடுவதைக் கண்டார்கள். தமிழில் நாம் எப்போதும் 'மோந்து பார்ப்பது' என்றுதானே சொல்கிறோம்! இலக்கணப்படி அந்தப் 'பார்' வெறும் துணைவினைதான், தமிழாசிரியை அக்கா திருத்த வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நாய் விஷயத்தில் அது நேர்ப்பொருளிலேயே பொருந்திவிட்டது.

ஆக, அந்தப் புல்லில் இருந்தது தெருவின் ஒரு வாரக் கணக்கு. யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, பெண் என்றால் பருவத்தில் இருக்கிறதா, வந்து எவ்வளவு நேரமாயிற்று எல்லாம் அதில் உண்டு. வாசம் பழசாகப் பழசாக மங்கும் என்பதால் நாய்க்கு அதில் காலமும் தெரிகிறது. ஒரு மனிதன் நடந்து போன தடத்தில் ஐந்து அடிச்சுவடுகள் கிடைத்தால், அவன் எந்தப் பக்கம் போனான் என்று நல்ல நாய் சொல்லிவிடும். இதையும் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நாம் நடக்கும் தெருவில் நாய்கள் மட்டுமா? குப்பை நாளன்று பையைக் கிழிக்கும் வெர்வெட் குரங்குகள், கீரி, ஓடைப் பக்கத்து உடும்பு, விடியற்காலையில் நம்மை எழுப்பி மானத்தை வாங்கும் ஹடீடா பறவை. கரும்புக் காடு வீடுகளாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் கரும்பெலி புல் மறைவில் இருக்கத்தான் செய்கிறது. தாத்தா இந்த வழியில் நடக்கும்போது, "இங்கேதான் எங்க பாட்டன் கரும்பு வெட்டினார்" என்று ஒரு வளைவில் நிற்பார். நாம் எல்லோரும் கூட நிற்போம். அவரை யாரும் இழுத்ததில்லை.

இன்னொரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் வந்த ஒரு ஆய்வின்படி, சின்ன ஆண் நாய்கள் பெரிய நாய்களைவிடக் காலை அதிகமாகச் சாய்த்துத் தூக்கிச் சிறுநீர் விடுகின்றனவாம். கம்பத்தில் உயரமாகக் குறி விழுந்தால் படிக்கிறவன் பெரிய ஆள் என்று நினைப்பான் இல்லையா! நம் குழுவின் மால்டீஸ் ஏன் அந்தச் சாகசம் செய்கிறது என்று கேட்டீர்களே, காரணம் அதுவாக இருக்கலாம்.

போன மாதம் பிராயில் (இங்கே தணலில் கறி சுடும் விருந்துக்கு அதுதான் பெயர்) கறி வெந்துகொண்டிருந்தபோது என்ன பேசினோம்? க்ரூகர் பூங்காவில் காண்டாமிருக வேட்டைக்காரர்களை மோப்பம் பிடித்துத் துரத்திய கில்லர் என்ற மாலினுவா நாய்க்கு 2016இல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்கு நல அமைப்பின் தங்கப் பதக்கம் கிடைத்த கதையைத்தான். எல்லோரும் "அடேயப்பா" என்றோம். அந்த மூக்குக்குப் பதக்கம், அதே சாதி மூக்குக்கு நம் தெருவில் இழுப்பு.

என் சொந்தக் கதை சுருக்கமாக. மிளகு காப்பகத்திலிருந்து வந்த முதல் வருஷம், நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் விறுவிறுவென்று ஓட்டிக்கொண்டு வருவேன். களைத்துத் தூங்குவாள் என்று கணக்கு. வீடு வந்ததும் செருப்பைக் கடித்துக் குதறுவாள், கேட்டுக்கு வெளியே பக்கி (பிக்கப் வண்டி) ஒன்று போனால் போதும், அரைமணி நேரம் குரைப்பாள். ஒருநாள் எனக்கு முழங்கால் வலி. ஒன்றரைக் கிலோமீட்டர்தான் போனோம். வலியில் நான் நின்ற இடத்திலெல்லாம் அவள் மோந்து பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கால் நாலையும் நீட்டிப் படுத்தாள், மத்தியானம்வரை எழவில்லை. இது ஒரே ஒரு நாயின் கதை, இதை வைத்துச் சட்டம் போட முடியாது என்று நம் மருத்துவர் அண்ணன் சொல்வார்.

அவருக்காக 2019இல் வந்த ஆய்வு ஒன்று. நாய்களுக்கு முதலில் ஒன்றைப் பழக்கினார்கள்: கிண்ணம் இந்தப் பக்கம் இருந்தால் தீனி உண்டு, அந்தப் பக்கம் இருந்தால் கிடையாது. பிறகு கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். இருக்கும் என்று நம்புகிற நாய் விரைந்து போகும், சந்தேகப்படுகிற நாய் தயங்கும். அதன்பின் இரண்டு வாரம் ஒரு பாதி நாய்களுக்கு மோப்பம் பிடித்துத் தீனி தேடும் விளையாட்டு, மறுபாதிக்கு எஜமானின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. திரும்பச் சோதித்தபோது மூக்கை வைத்து வேலை செய்த நாய்கள் நடுக் கிண்ணத்தை நோக்கி முன்னைவிட வேகமாகப் போயின. ஒட்டி நடந்தவற்றிடம் மாற்றமில்லை. அது தீனி தேடும் விளையாட்டு, தெருவில் மோப்பது அல்ல, அந்த வித்தியாசம் எனக்கும் தெரிகிறது. ஆனாலும் 'நிற்கவிடாமல் கூட்டி வரவும்' என்ற விதி இரண்டில் எந்தப் பக்கம் சேரும் என்று நீங்களே பாருங்கள்.

மோப்பது எல்லாமே வாசத்துக்காக அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் குழுவின் ரிட்ஜ்பேக் நேருக்கு நேராக வரும்போதெல்லாம் மிளகு திடீரென்று தலையைத் திருப்பி, ஒன்றுமில்லாத தரையை மோக்க ஆரம்பிப்பாள். "பார், எதிரே அவ்வளவு பெரிய நாய் வருகிறது, இவளுக்குப் புல்தான் முக்கியம்" என்று சிரிப்போம். "எனக்குச் சண்டை வேண்டாம், நீ உன் வழியில் போ" என்பதற்கு நாய் பாஷையில் அப்படித்தான் சொல்வது. அந்த நேரத்தில் இழுத்து நேராக நிறுத்தினால் அவளுடைய சமாதானப் பேச்சில் நாம் குறுக்கே விழுகிறோம். கொஞ்சம் வளைந்து, தெருவின் மறுபக்கமாகப் போனால் முடிந்தது.

என் பக்கத்துத் தப்புகளும் இருக்கின்றன. கோயில் வாசலில், அடுத்தவர் கேட்டோரம் வைத்திருக்கும் செடியில், ரோபோ அருகே சாலை கடக்கும் இடத்தில் மோக்க விடக் கூடாது, இனி விடமாட்டேன். தரையில் கிடக்கும் கறித்துண்டு எதுவாக இருந்தாலும் உடனே நகர்த்த வேண்டும். திருடர்கள் காவல் நாய்க்கு வைக்கும் 'டூ ஸ்டெப்' விஷம் நீங்கள் அறிந்ததே. கோடையில் உயரமான புல்லுக்குள் தலையை நுழைக்க விடுவதில்லை. பாம்பு ஒரு காரணம், உண்ணி இன்னொன்று. உண்ணி கடித்து வரும் பிலியரி காய்ச்சல் சில நாட்களிலேயே நாயைக் கொன்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கிறேன். ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம், மிளகின் அட்டையை யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

மற்ற இடங்களில் நான் செய்வது இவ்வளவுதான். மூன்று மீட்டர் லீஷ், இரண்டே சொல். நல்ல புல்தரை வந்தால் "மோந்து பாரு" என்று சொல்லி லீஷைத் தளர விடுவேன். அங்கே அவள் ராஜ்யம். கிளம்ப வேண்டுமென்றால் இழுக்காமல், பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து "போலாம்" என்பேன். மூக்கைத் தூக்கிப் பார்த்தால் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று. பில்டாங் என்ற உப்புக்கண்டம் கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். பத்தில் ஏழு தடவை உடனே வருவாள். மற்ற மூன்று தடவை நான் ஐந்துவரை எண்ணுவேன், மறுபடி கூப்பிடுவேன். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் பழைய துண்டுக்குள் தீனியைச் சுருட்டிக் கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே மூக்குக்கு வேலை கிடைத்துவிடும்.

ஆகவே கேட்பது இரண்டு. 'நின்றால் இழுத்து வரவும்' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். 'குழு காத்திருக்காது' என்பது இருக்கட்டும், நியாயம்தான். உங்களுக்கு மூச்சு வாங்க நடக்க வேண்டும், கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் அடி ஏற வேண்டும். நாய் வைத்திருக்கும் நாலு வீட்டாரும் அரைமணி முன்னால் கிளம்பிவிடுகிறோம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. ஏழு மணி வெயிலில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்க ஆரம்பித்தால் ஒழுங்காக மோக்கவும் முடியாது, அதனால் சீக்கிரம் போவது எங்களுக்கும் நல்லது. வழியில் நீங்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது கை காட்டினால் போதும்.

இரண்டாவது, லீஷை இழுத்த அண்ணனிடம். ஒரே ஒரு ஞாயிறு எங்களோடு முன்னால் வாருங்கள். மிளகை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் இருக்கிறதா என்பதை உங்கள் பேண்ட்டை மோந்து பார்த்து அவளே முடிவு செய்துகொள்வாள்.

இந்த வாரம் டீ ஃபிளாஸ்க் என் முறை. இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவருகிறேன். அந்த மின்கம்பத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது, நாங்கள் வருவதற்குள் ரஸ்க்கை முடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மிளகு வீட்டுக்காரன்