திருப்பி எழுத நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்பவர்களின் கட்டுரையில் ஒரு பிழையைக்கூட விடாமல் திருத்த வேண்டும் என்று வாதிடும் கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆங்கில வகுப்பெடுக்கும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பக்கமெல்லாம் சிவப்பாகத் திரும்பி வரும் தாளை மாணவர் என்ன செய்வார்? மதிப்பெண்ணைப் பார்ப்பார், மடித்து வைத்துவிடுவார். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள் வரும். திருத்தியவருக்குத்தான் கைவலி.

இந்தச் சர்ச்சை புதிதல்ல. எழுத்தில் இலக்கணத்தைத் திருத்துவதால் பயனில்லை, கெடுதல்தான், அதைக் கைவிடலாம் என்று 1996-இல் ஜான் ட்ரஸ்காட் என்ற மொழி ஆய்வாளர் எழுதினார். 1999-இல் டேனா ஃபெரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் அதை மறுத்தார். ட்ரஸ்காட் அளவுக்கு நான் போக மாட்டேன். ஃபெரிஸ் காட்டிய ஒரு வேறுபாடுதான் எனக்கு வகுப்பில் கைகொடுக்கிறது. சில பிழைகளுக்கு விதி உண்டு. 'ஷீ கோ' என்று எழுதியவருக்கு 'ஷீ கோஸ்' என்பதன் விதியைச் சொல்லலாம். அடிக்கோடு மட்டும் போட்டாலும் அவரே கண்டுபிடித்துவிடுவார். 'டிஸ்கஸ் அபவுட்' அப்படியல்ல. 'டாக்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' வரலாம், 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் கூடாது என்பதை எந்தப் பொதுவிதியை வைத்து அவர் ஊகிப்பார்? அங்கே வட்டம் போட்டுவிட்டு நகர்வது நியாயமே இல்லை. சரியான வடிவத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட வேண்டுமா? நியூசிலாந்தில் ஜான் பிட்சனர், ஊட்டே க்னாக் என்ற ஆய்வாளர்கள் 'எ' (a), 'தி' (the) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் குறிப்பிட்ட பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தினார்கள். திருத்தம் பெற்றவர்கள் பத்து மாதங்களுக்குப் பிறகும் பெறாதவர்களைவிட நன்றாக எழுதினார்கள். எல்லாப் பிழைகளையும் திருத்தியதும் பலன் தந்ததாக 2012-இல் ஒரு நெதர்லாந்து ஆய்வு சொல்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். இருந்தாலும் ஆரம்ப நிலையில் தடுமாறும் பிள்ளையிடம் ஒரே தாளில் முப்பது பிழைகளைக் காட்ட எனக்கு மனம் வராது.

உங்கள் கட்டுரை தொடாமலே விட்ட விஷயம் திருப்பி எழுதுவது. ஜீன் சாண்ட்லர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்துக் கொடுத்த பிழைகளைத் தாங்களே சரிசெய்தவர்களின் அடுத்தடுத்த எழுத்தில் பிழைகள் குறைந்தன. குறித்ததோடு விடப்பட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நோட்டுகளைச் சோதிக்க வரும் மேலதிகாரிகள் சிவப்பு மை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதே கட்டுரையின் இரண்டாம் வடிவம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கட்டும். அதை எழுத வகுப்பிலேயே ஒரு பாடவேளை ஒதுக்கட்டும், மதிப்பெண்ணையும் அதற்கே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை