முடிகிற விளையாட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் செல்போன் விளையாட்டிலேயே கிடப்பதைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் போட்ட கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்தேன். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அப்பா அம்மா என்றாலே ஜாய்ஸ்டிக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் என்று முடிவுகட்டி எழுதியதுபோல இருந்தது. எனக்கு 47 வயது. திருத்துறைப்பூண்டியில் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்கு சிட்டா அடங்கல், பயிர்க் காப்பீட்டுப் பதிவு, ஜெராக்ஸ் என்று ஓடுகிறது; 2003ல் இதே இடம் ஆறு சிஸ்டம் போட்ட பிரவுசிங் சென்டர். அதற்கும் முன்னால், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, தெருவிலேயே டிவி கேம் இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் முறை வருவதற்காகக் காத்துக் கிடந்தவன் நான். விளையாட்டு எங்களுக்கும் தெரியும் ஐயா. தெரிந்த எங்களுக்கே இப்போது வருவது பிடிபடவில்லை.

அந்த மஞ்சள் கேசட்டை எடுத்து, வாயால் ஊதி, திரும்பச் செருகினால் கான்ட்ரா என்ற சுடும் விளையாட்டு வரும். ஜாய்ஸ்டிக் இரண்டு, பையன்கள் ஒன்பது பேர். ஆட்டத்தில் செத்தவன் எழுந்துகொள்ள வேண்டும், அடுத்தவன் உட்கார வேண்டும், அவ்வளவுதான் சட்டம். திருச்சியில் பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போய் வந்த பையன் ஒருவன்தான், மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்ற ரகசியத்தைக் கொண்டுவந்தான். அதைக் கண்டுபிடித்தவர் கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்ற ஜப்பான்காரர், தான் வேலை செய்த வேறொரு விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது தனக்கே கஷ்டமாக இருந்ததால் இப்படி ஒரு வழி வைத்தார் என்பதெல்லாம் 2020ல் அவர் இறந்த செய்தியைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது திருச்சியிலிருந்து வந்த மந்திரம். எட்டு கட்டம். கடைசியில் ஹெலிகாப்டர் பறக்கும், தீவு வெடிக்கும். முடிந்தது. டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் முள்ளியாற்றுக்குக் குளிக்கக் கிளம்பினோம்.

பிரவுசிங் சென்டர் காலத்திலும் அப்படித்தான். ஆறு சிஸ்டத்தையும் லேன் வயரில் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற சுடும் விளையாட்டை ஆட நெட்டே தேவையில்லை. மணிக்கு 20 ரூபாய். செத்தவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்தவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான், ஒரு ரவுண்டு முடியும், கத்துவார்கள், மறுபடி ஆரம்பிக்கும். மணி முடிந்தால் எழுந்து போவார்கள். 2016ல் ஜியோ வந்ததும் நாற்காலிகள் காலியாயின, நாலு சிஸ்டத்தை வந்த விலைக்கு விற்றேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். என் தங்கை மகனுக்கு 19 வயது, கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், "வாங்க மாமா, உங்களுக்காகவே ஒண்ணு வச்சிருக்கேன்" என்று ஆசையாகக் கூப்பிட்டுக் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தான். முதலில் அப்டேட் என்று முக்கால் மணி நேரம் ஓடியது. எங்கள் காலத்து சூப்பர் மாரியோ விளையாட்டு மொத்தமும் 40 கேபி, நான் ஒரு விவசாயியின் பாஸ்புக்கை ஸ்கேன் பண்ணி ஏற்றும் ஃபைல்கூட அதைவிடப் பெரியது. இப்போதுள்ள பெரிய விளையாட்டுகள் சாதாரணமாக நூறு ஜிபியைத் தாண்டுகின்றன. அப்புறம் இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் தலையைத் திருப்பிப் பார்க்க. எங்கள் காலத்தில் பாதை வலப்பக்கம்தான் போகும், திரையே நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். இங்கே எங்கே பார்ப்பது என்பதே ஒரு வேலை. என் ஆள் சுவரோரம் நிற்கிறான், நான் வானத்தைப் பார்க்கிறேன், திருப்பினால் தரையைப் பார்க்கிறேன், எங்கிருந்தோ சுடுகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் வருகிறது, வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது எறும்பு வரிசை. கால் மணியில் தலை சுற்றிவிட்டது. பையன் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விரலைப் பழக்கிக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. பழக முடியாதது வேறொன்று. இப்போது நம்மிடம் வந்து சேரும் விளையாட்டுகள் முடிவதே இல்லை. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம், ஒரு சீசன் போனால் அடுத்த சீசன். போன மாதம் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் கடைக்கு வந்து, கசங்கிய நூறு ரூபாய்த் தாள் ஒன்றை மேசையில் நீவி வைத்து, "அண்ணே, உங்க ஜிபேல யூசி போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டான். யூசி என்றால் விளையாட்டுக்குள் செல்லும் காசு. எதற்கடா என்றேன். பிஜிஎம்ஐ என்ற செல்போன் சுடும் விளையாட்டில் துப்பாக்கிக்கு ஸ்கின், அதாவது மேல் அலங்காரம், வாங்க. அதனால் குண்டு வேகமாகப் போகுமா என்று கேட்டேன். "இல்லண்ணே, பாக்க நல்லாருக்கும், ஆனா நாளைக்கு ராத்திரியோட போயிரும்." மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கெட்ட பையன் இல்லை. நாளைக்கு ராத்திரியோடு போய்விடும் என்று அவனை அவசரப்படுத்துகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது எங்கள் பக்கத்தில்தான். தென்னை எல்லாம் போச்சு. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர மூன்று வாரத்துக்கு மேலானது, டவரும் இல்லை. அப்போது தங்கை மகனுக்கு 12 வயது, எங்களோடுதான் இருந்தான். அவன் போனில் ஆடிக்கொண்டிருந்தது நெட் இல்லாமல் திறக்கவே இல்லை. டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வரும். தண்ணீர் நிரம்பியபின் மிச்சமிருக்கும் இருபது நிமிஷத்துக்கு என் பழைய சிஸ்டத்தைப் போட்டு மாரியோவைக் காட்டினேன். 1-2ல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கூரைமேல் ஏறி ஓடினால் கடைசியில் குறுக்குவழிக் குழாய் இருக்கும், 4-2ல் மறைந்திருக்கும் கொடியைப் பிடித்து ஏறினால் நேராக எட்டாவது உலகம். எனக்கு ஒருத்தன் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். தெருப் பிள்ளைகள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரண்டு வருவதற்கு முந்தின நாள் கடைசிக் கட்டமான 8-4ஐ முடித்துவிட்டுப் பையன் எழுந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2014ல் வெளிவந்த தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டுக்கான சர்வரை, அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31ல் நிறுத்தியது. அதோடு காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை ஓட்ட முடியாமல் போனது. அந்தக் காலத்து மஞ்சள் கேசட்டைச் செருகினால் இன்றைக்கும் ஓடும்.

எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். பொங்கல் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன்னால் தங்கை மகன் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். 2016ல் வந்தது, எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. சின்னப் பண்ணை. ஒரு நாள் என்பது ஏறக்குறைய கால் மணி நேரம், படுத்துத் தூங்கினால் அன்றைய கணக்கு முடிந்து சேமிப்பாகிவிடும், அத்தோடு அணைத்துவிட்டுப் போகலாம். நெட் வேண்டாம், உள்ளே காசு கேட்பதில்லை. அதில் நெல் நாற்றும் இருக்கிறது: தண்ணீர் ஓரமாக நட்டால் தினமும் ஊற்ற வேண்டியதில்லை, சீக்கிரமும் விளைகிறது. அதை என் மனைவிக்குக் காட்டினேன், அவரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹங்கேரிய மொழியில் இருக்கிறது, துருக்கிய மொழியில் இருக்கிறது, தமிழில் இல்லை. வருகிற ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொல்ல, என்ன நடுவது என்று அவர்தான் முடிவு செய்கிறார். இப்படி ஒன்று பத்து வருஷமாக இருப்பதே எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னாலேயே பிழைக்கிறவன் நான், எனக்கே தெரியவில்லை. விளம்பரம் கொண்டுவந்து காட்டுவதெல்லாம் அந்த முடியாத ரகம்தான்.

உங்கள் பத்திரிகையில் சினிமாவுக்கு வாரம் இரண்டு பக்கம் வருகிறது. விளையாட்டுக்கு ஓர் அரைப் பக்கம் கொடுங்கள். மார்க் போட வேண்டாம். எத்தனை மணி நேரத்தில் முடியும், நெட் இல்லாமல் ஓடுமா, வாங்கிய பிறகு உள்ளே காசு கேட்குமா, எழுத்தைப் பெரிதாக்கலாமா, இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட முடியுமா, இதைச் சொன்னால் போதும். ஆடிப் பார்த்து எழுத உங்கள் அலுவலகத்திலேயே இளையவர்கள் இருப்பார்கள், அவர்களோடு நாற்பது தாண்டிய ஒருவரையும் உட்கார வையுங்கள்.

சம்பா காப்பீட்டுக்குக் கடைசித் தேதி முடியும்வரை கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கப்புறம் ராத்திரி எட்டரைக்குக் கடை சாத்தினால் எங்களுக்கென்று ஒரு மணி நேரம் இருக்கிறது. அதில் அடுத்து எதை ஆடலாம் என்று கேட்க, இன்றைக்கு என்னிடம் இருப்பது கோயம்புத்தூரில் படிக்கும் ஒரு பையனின் போன் நம்பர் மட்டும்தான்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி