நீ படிக்காத பள்ளிக்கூடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். ஊரில் நல்ல மழை. ஊருணி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, "மூடி ஆறு வருஷமாச்சு, இன்னும் ஏன்ப்பா அந்தப் பள்ளிக்கூடத்தையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால் வரும் என்று பார்க்கிறேன்.

அந்தக் கட்டடம் உனக்கு வேன் ஜன்னல் வழியாகத் தெரிந்ததுதான். பர்மாவில் அரிசி ஆலை வைத்திருந்த நம்மூர்ச் செட்டியார் ஒருவர் கட்டியது. நகரத்தார் கணக்கில் மகமை என்று ஒன்று உண்டு. தொழிலில் வருவதில் ஒரு பங்கைச் சாமிக்கும் தர்மத்துக்கும் என்று தனியாக எழுதி வைப்பார்கள். கோயில் திருப்பணிக்கும் வேத பாடசாலைக்கும் போய்க்கொண்டிருந்த அந்தப் பணம் மெல்லப் பள்ளிக்கூடங்கள் பக்கமும் திரும்பியது. நம் பள்ளியின் தேக்குத் தூண்கள் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவை. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் கடையையும் நிலத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. அங்கே போனது போனதுதான். இங்கே கட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் நெல் அவிக்கிறவள் மகனான எனக்கும் இடம் இருந்தது.

கோட்டையூர் அழகப்பரைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் நிறையச் சொல்லியிருக்கிறேன். 1947இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நான் படித்த கல்லூரியும் அழகப்பர் கல்லூரிதான். ஆனால் அந்த வாசல்வரை என்னைக் கொண்டுபோய் விட்டது நம்மூர் ஓட்டுக் கட்டடம்.

1962 ஜூனில் அப்பத்தா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். பெரிய வீட்டு வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்திருந்தாள், கையில் உமி வாசம் அப்படியே இருந்தது. தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்டார். "கொப்புடையம்மன் தேருக்கு மறுநா" என்றாள். எந்த வருஷம் என்றதற்கு, "மூத்தவன் பொறந்து மூணு வருஷம் கழிச்சு." அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன். 1.6.1957 என்று எழுதினார். அந்தத் தேதியை வைத்துத்தான் அதே பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது, 2015இல் ஓய்வும் வந்தது. எனக்குப் பிறந்தநாள் கொடுத்ததே அந்தப் பள்ளிக்கூடம்தான், தம்பி.

காமராசர் காலம் அது. சம்பளம் கிடையாது, மதியம் சோறு உண்டு. அதற்குச் சில வருஷம் முன்னால்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கி, ஊர்க்காரர்களே பெஞ்சும் நாற்காலியும் பள்ளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை ஒரே வளாகம். செட்டியார் வீட்டுப் பிள்ளையும் கொத்தனார் மகனும் வண்ணார் வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வெளியே தெருவில் அப்படி உட்கார முடியாது. இதை நான் அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை, இப்போது நினைக்கிறேன்.

நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி. அப்படி என்றால் கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பு. 1978இல் பிளஸ் டூ வந்தபோது எத்தனையோ பள்ளிகள் மேல்நிலைப் பள்ளி ஆயின. நாங்கள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டோம். எப்படியும் பதினொன்றுக்குக் காரைக்குடி போகத்தானே வேண்டும், ஆறாவதிலேயே போனால் என்ன என்று ஊரில் பேச்சு வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதிப் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி. கணக்கு வாத்தியார் வேறு ஊருக்குப் போனார். கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? மறு வருஷம் இன்னும் குறைந்தது.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

1996 ஜூனில் உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அக்கா அப்போது நம் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தாள். உன்னை நான் காரைக்குடியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். "நீ வாத்தியாரா இருக்கிற பள்ளிக்கூடம் உன் புள்ளைக்கு ஆகாதா?" என்று அப்பத்தா கேட்டாள். காலம் மாறிப்போச்சு ஆத்தா என்றேன். அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை.

காலை 7.10க்கு உன்னை வேனில் ஏற்றிவிட்டு, அதே தெருவில் நடந்து நான் பள்ளிக்குப் போவேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் ஒரு தாய், "சார், உங்க பையன் படிக்கிற பள்ளிக்கூடத்துல எம்புள்ளைக்கு சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டாள். அவள் மூத்த மகன் என் வகுப்பில் இருந்தவன். யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று நானே சொல்லி அனுப்பினேன். சின்னவனுக்குப் பணம் கட்டத் தோட்டை அடகு வைத்தாள் என்று பிறகு தெரிந்தது. அவன் படித்தான், நன்றாகவும் இருக்கிறான். ஆனாலும் அந்தத் தோடு என் மனதை விட்டுப் போகவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ ஐந்து வயதுப் பிள்ளை. நீ நன்றாக வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். 2011இல் சமச்சீர்க் கல்வி எல்லா வகுப்புக்கும் வந்து, வேனில் போகிற பிள்ளைக்கும் நம் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே பாடப்புத்தகம் ஆனது. அதற்குள் எங்கள் வகுப்புகள் காலியாகிவிட்டன. 2019இல் மூடும்போது மொத்தம் 18 பிள்ளைகள்.

பதிவேடுகள் எல்லாம் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியின் பீரோவில் இருக்கின்றன. டி.சி. தொலைந்துபோய் நகல் கேட்கிற பழைய மாணவர்களுக்காகப் பெயர் தேடிக் கொடுக்கச் சொல்லி, போன மாதம் அங்கிருக்கும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். 1962 பதிவேட்டை எடுத்தேன். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தொழில். கடைசிக் கட்டத்தில் அப்பத்தாவின் பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் இழுபட்டு. அந்த ஜூனில் 41 பேர். அவர்களில் 26 பேருக்கு ரேகைதான்.

பிறகு 1996ஐ எடுத்தேன். உன் பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் ஜூன் மாதப் பக்கத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே வரை வந்தேன். 9 பெயர்கள்.

பீரோவின் அடித்தட்டில் கரையான் ஏறியிருக்கிறது. இரண்டு பதிவேடுகளின் ஓரம் போய்விட்டது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க அந்த அம்மா அனுமதி தருவதாகச் சொல்கிறார். மொத்தம் 11 பதிவேடு. என் போனில் எடுத்துப் பார்த்தேன், எழுத்து தெரியவில்லை. கட்டடத்துக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய், அது இப்போது வேண்டாம். மார்கழி விடுமுறையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் வந்து இரு. உன் கேமராவை எடுத்து வா. அந்த அறையில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் வெளிச்சம் நன்றாக விழுகிறது. நான் பக்கத்தைத் திருப்புகிறேன், நீ எடு.

அன்புடன்,
அப்பா