ஐந்து பேர் மட்டும் மிஞ்சிய அணிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். சீசன் முடிந்த அன்றே ஆங்கிலத்தில் நான்கு வரி நன்றி எழுதி எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பிவிட்டேன். எழுதி முடித்தும் மனசு ஆறவில்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்க நான் கவலைப்பட்டது தமிழில்தான். நன்றியையும் தமிழிலேயே சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். தமிழ் தெரியாத வீடுகளுக்கு என் மகள் வரிக்கு வரி வாசித்து அர்த்தம் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் இருப்பவர்கள். 12 வயதுப் பிரிவில் ஆடும் பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, பந்து கொஞ்சம் பெரிது) டிராவல் டீமுக்கு நான் மேலாளர். ஆட்டம் சொல்லித் தருவது கோச். மைதானம் பிடிப்பது, பணக் கணக்கு, ஹோட்டல், ஆள் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. பொழுதுபோக்காக ஆடும் ஊர் ரெக் லீக்கில் பணம் கட்டிப் பெயர் கொடுத்த எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டு. டிராவல் டீம் அப்படியில்லை. டிரை அவுட், அதாவது ஆடவிட்டுப் பார்க்கும் தேர்வு, வைத்துத்தான் எடுப்போம். எடுத்த பிறகு வாரம் இரண்டு நாள் பயிற்சி. சனி ஞாயிறு இன்றைக்கு வேக்கோ என்றால் அடுத்த முறை சான் அன்டோனியோ.

போன ஜூலைக் கடைசியில் பந்து எறியும் எங்கள் பிட்சரையும், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடிக்கும் கேட்ச்சரையும் வேறொரு அணி கூப்பிட்டுக்கொண்டது. அவர்கள் போனதும் அவர்களுடைய தோழிகளும் போனார்கள். ஒரே வாரத்தில் பதினொரு பேர் ஐந்து பேர் ஆனார்கள். மைதானத்தில் இறங்கவே ஒன்பது பேர் வேண்டும். போன பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்கள் எங்கே ஆடினாலும் நன்றாக ஆடட்டும். ஆனால் அந்த வாரம் நான் தூங்கவில்லை.

முதல் நன்றி, போகாமல் நின்ற ஐந்து வீடுகளுக்கு. உங்களுக்கும் அழைப்பு வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அணி சேருமா சேராதா என்று தெரியாத நிலையில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. "டிரை அவுட் அன்றைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றுதான் கேட்டீர்கள்.

அடுத்து, ரெக் லீக்கில் பத்து வருஷமாகப் பயிற்சி கொடுக்கும் அந்த மனிதருக்கு. இவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல ஆட்டக்காரியை டிராவல் டீம் எடுத்துக்கொண்டால் நஷ்டம் ரெக் அணிக்குத்தான். பல ஊர்களில் இதை வைத்துச் சண்டையே நடக்கும். நான் தயங்கித் தயங்கித்தான் அவருக்கு ஃபோன் செய்தேன். அவர் மூன்று பெயர் சொன்னார். மூன்றும் அவருடைய அணியின் முதல் மூன்று பெயர்கள். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசினார். இவள் தோற்றால் அழுவாள், ஆனால் அடுத்த இன்னிங்ஸில் சரியாகிவிடுவாள். அவளைச் சத்தம் போட்டுத் திருத்தக் கூடாது, பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். மூன்றாமவளின் அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், காலையில் கூப்பிடாதீர்கள். வேகம், கை பலம் எல்லாம் டிரை அவுட்டில் நாமே அளந்துகொள்ளலாம். இதையெல்லாம் எந்த ஸ்டாப்வாட்ச் சொல்லும்? அந்த மூவரும் இன்று எங்களோடு ஆடுகிறார்கள்.

டிரை அவுட் ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. டெக்சாஸ் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை மண்ணில் நிறுத்த முடியாது. அதனால் ஏழரைக்கே ஆரம்பித்தோம். ஆறு மணிக்கு இருட்டோடு வந்து பேட்டர் ஓடும் பேஸ் பாதையைச் சமன்படுத்திக் கோடு போட்டது இரண்டு அப்பாக்கள். பிள்ளைகளின் முதுகில் எண் ஒட்டி, தண்ணீர் கொடுத்து, தாள்களில் பெயர் எழுதி வாங்கியது 14 வயதுப் பிரிவில் ஆடும் நான்கு அக்காக்கள். தங்கள் ஆட்டம் இருந்த நாளில், அதற்கு முன்னால் வந்து செய்துவிட்டுப் போனார்கள்.

அன்று பார்த்த ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேட்ச்சர் கிடைப்பதுதான் எங்கேயும் கஷ்டம். சின்னப் பிள்ளைகளின் ரெக் ஆட்டத்தில் மூன்றாவது ஸ்டிரைக், அதாவது பேட்டர் தவறவிட்ட மூன்றாவது நல்ல பந்து, விழுந்தால் பேட்டர் அவுட், கதை முடிந்தது. இந்தப் பிரிவில் அப்படியில்லை. முதல் பேஸ் காலியாக இருக்கும்போது, அந்த மூன்றாவது பந்தைக் கேட்ச்சர் கையில் பிடிக்காமல் கீழே விட்டால் பேட்டர் அந்த பேஸுக்கு ஓடிவிடலாம். பிட்சர் எவ்வளவு நன்றாகப் போட்டாலும், பின்னால் உட்கார்ந்திருப்பவள் விட்டால் அவுட் கைநழுவிவிடும். ஆகவே "கேட்ச்சர் யாராவது உண்டா?" என்று கோச் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உயரமான, அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். பிடித்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால், "இல்லை, பிடித்துப் பார்க்கிறேன்" என்றாள்.

யாருடையதோ ஒரு கவசத்தை எடுத்து மாட்டினாள். முழங்கால் காப்பு வலது இடது மாறி, கொக்கிகள் எல்லாம் உள்பக்கம் வந்துவிட்டன. எழுந்து இரண்டடி வைத்ததும் ஒரு கால் கொக்கி இன்னொரு கால் வாரில் மாட்டித் தடுமாறினாள். அப்போது வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து உள்ளே வந்தார். எங்கள் மூன்றாம் பேஸ் பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, காப்பை அவிழ்த்து, மாற்றிக் கட்டினார். "கொக்கி எப்பவும் வெளிப்பக்கம். அப்பத்தான் ஓடுறப்ப ஒண்ணோட ஒண்ணு மாட்டாது." அப்புறம் கையுறை போடாத கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார். பந்து மண்ணில் குத்தி வந்தால் கையுறையை நீட்டிப் பிடிக்கப் பார்க்காதே, முட்டி போட்டு நெஞ்சால் மறி, மறித்தால் போதும் என்றார். அந்தப் பெண் அன்று இருபது பந்தில் பன்னிரண்டைப் பிடித்தாள். விட்ட எட்டில் ஆறு, நெஞ்சில் பட்டு அவள் முன்னாலேயே விழுந்தது. கோச் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிற்பாடு அந்தப் பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பள்ளியில் படித்தபோது பெண்களுக்கென்று அணியே கிடையாதாம். 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்து பள்ளிகளில் பெண்கள் விளையாட்டுக்கு வழி பிறந்தபோது அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். வேலை பார்த்த இடத்து அணியில் சேர்ந்து பதினாறு வருஷம் கேட்ச்சராக ஆடியிருக்கிறார். நம் பிள்ளைகள் மண்ணில் புரள்வதை அவர் பார்க்கும் பார்வையே வேறு. பாட்டி, உங்களுக்கு என் வணக்கம். அந்த உயரமான பெண்தான் இப்போது நம் அணியின் முதல் கேட்ச்சர் என்பது உங்களுக்கே தெரியும்.

பிட்சர் கதை வேறு. இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் அப்போதுதான் 10 வயதுப் பிரிவிலிருந்து மேலே வந்தவர்கள். அங்கே பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 35 அடி தூரம், 11 அங்குலச் சுற்றளவுப் பந்து. இங்கே 40 அடி, 12 அங்குலப் பந்து. கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புப் பக்கத்தில் விட வேண்டிய பந்து சின்ன விரல்களில் நிற்கவே மாட்டேன் என்றது. பழைய பந்து போல அது போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அங்கே வந்திருந்த பிட்சிங் மாஸ்டர், தனி வகுப்பு எடுத்துச் சம்பாதிப்பவர், செப்டம்பர் மாதம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு காசு வாங்காமல் இருவருக்கும் கற்றுக் கொடுத்தார். அவர்களின் அப்பாக்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நாள்தோறும் ஐம்பது அறுபது பந்து பிடித்தார்கள். கணுக்காலில் அடி வாங்காத நாள் குறைவு.

இனி நம் தமிழ்ப் பள்ளிக் குடும்பம் ஒன்றுக்கு. ஞாயிறு வகுப்பு முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பதினோரு வயதுப் பெண் தன் தம்பிக்கு டென்னிஸ் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். ஊரில் பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடியவள் நான். ஒரு கை எறிவதைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அந்தப் பந்து மரத்துக்கு மேலே போகவில்லை, நேர்கோட்டில் போய்த் தம்பி கையில் விழுந்தது. அவள் அம்மாவிடம் பேசினேன். அவருடைய முதல் கவலை வெயில். பிள்ளை கறுத்துப் போய்விடுவாள் என்றார். இந்தக் கவலையை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன், நம் பெண்கள் பலரை மைதானத்துக்குள் வராமல் தடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, திருச்சியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அவர்கள் வீட்டு ஆச்சி சொன்னார்: "வெயில்ல நின்னா கறுக்கத்தான் செய்யும். அது ஒரு குறையா? பிள்ளை ஆசையா எறியுது, எறியட்டும் விடு." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அந்தப் பெண் இப்போது நடு ஃபீல்டில் நிற்கிறாள். ஆச்சி ஊருக்குத் திரும்பும்வரை ஒரு பயிற்சிகூட விடாமல் குடை பிடித்து உட்கார்ந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் தமிழ் வகுப்பு போய்விடுமே என்று கலங்கியபோது, புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் இணையத்தில் தனியாகப் பாடம் எடுக்கிறேன் என்று முன்வந்தார் தமிழ் ஆசிரியை. என் மகளும் அதில்தான் படிக்கிறாள். ஆட்டத்துக்காகத் தமிழை விட வேண்டாம், தமிழுக்காக ஆட்டத்தை விட வேண்டாம் என்று வழி செய்து கொடுத்தீர்கள் டீச்சர். எங்கள் வீட்டில் தினமும் உங்களை நினைக்கிறோம்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கம்போசிட் மட்டை 300 டாலருக்கு மேல். எல்லா வீட்டிலும் அது முடியாது, முடியாததால் ஒரு பிள்ளை வெளியே நிற்பதை என்னால் ஏற்க முடியாது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மெதுவடையும் டீயும் விற்றுத் தந்த அம்மாக்களால் இரண்டு பிள்ளைகளின் சீருடைச் செலவு முழுதும் கட்டியாயிற்று. பழைய மட்டை, கையுறை கொடுத்தவர்கள் பலர். ஸ்பானிய மொழி மட்டும் பேசும் ஓர் அப்பாவுக்குக் கட்டண விவரம், விதிகள் எல்லாவற்றையும் இரவோடு இரவாக மொழிபெயர்த்துக் கொடுத்தது இன்னொரு பிள்ளையின் அம்மா. அந்த அப்பா கையெழுத்துப் போட்டபோது என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து போட்டார்.

வரமுடியாது என்று சொன்னவர்களுக்கும் நன்றி. ஒரு பிள்ளையைக் கேட்பது என்றால் ஒரு வீட்டின் சனி ஞாயிறுகளையே கேட்பது. பாட்டு வகுப்பு, தம்பியின் கால்பந்து, கோயில், உறவினர் வருகை, எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பதில் சொல்லாமல் இழுக்காமல், "இந்த வருஷம் எங்களால் ஆகாது" என்று மறுநாளே சொன்ன ஏழு வீடுகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அதில் ஒரு அம்மா, தன் மகள் வரமுடியாவிட்டால் என்ன என்று, வேறு இரண்டு குடும்பங்களை அழைத்து வந்தார். அதில் ஒருத்திதான் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் இப்போதைய ஷார்ட்ஸ்டாப்.

நம் கோச்சுக்கு. இடம் கொடுத்த பிறகு ஒரே நாளில் பதில் சொல் என்று நெருக்குகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நீங்கள் ஒரு வாரம் கொடுத்தீர்கள். பெற்றோர் கூட்டத்தில் கல்லூரி உதவித்தொகை பற்றிக் கேள்வி வந்தபோது ஆசை காட்டவில்லை. முதல் நிலை (டிவிஷன் 1) கல்லூரிகளின் கோச்கள் ஒரு மாணவி பதினோராம் வகுப்பில் இருக்கும் செப்டம்பர் 1 வரை அவளிடம் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது என்பது விதி, நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் பல வருஷம் என்று நேராகச் சொன்னீர்கள். அதற்காக இரண்டு பேர் வேறு அணியைத் தேடிப் போனார்கள். போகட்டும். எல்லாவற்றையும்விட, இடம் கிடைக்காத ஒன்பது பிள்ளைகளுக்கும் குறுஞ்செய்தி அனுப்பாமல் நீங்களே ஃபோன் செய்து, எதைப் பழக வேண்டும் என்று சொன்னீர்கள். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் அடுத்த டிரை அவுட் எப்போது என்று இப்போதே என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

2025 ஜூன் மாதம் ஓக்லஹோமா சிட்டியில் நம் ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பெண்கள் முதன்முறையாக சாஃப்ட்பால் கல்லூரி உலகத் தொடரை வென்ற இரவு, பழைய பதினொரு பேரும் எங்கள் வரவேற்பறையில்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே மாதத்தில் அந்த அறை அப்படிக் காலியாகும் என்று நினைக்கவில்லை. இப்போது பன்னிரண்டு பேர். இலையுதிர் காலப் போட்டிகளில் வென்றதைவிடத் தோற்றது அதிகம். ஆனால் கடைசிப் போட்டியில் நம் கேட்ச்சர் அந்த மூன்றாவது ஸ்டிரைக்கை மண்ணிலிருந்து மறித்து எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் செய்தாள். வேலிக்கு வெளியே பாட்டி எழுந்து நின்று கைதட்டியதை எல்லோரும் பார்த்தோம்.

இந்த வியாழன் தேங்க்ஸ்கிவிங், அமெரிக்காவில் நன்றி சொல்லும் நாள். சாஃப்ட்பால் பிறந்ததும் 1887இல் சிகாகோவில் இதே தேங்க்ஸ்கிவிங் நாளில்தான். இந்த மடலை இந்த வாரமே எழுதி முடிக்க நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பயிற்சி பொங்கல் வாரத்தில் மறுபடி தொடங்குகிறது. கடன் வாங்கிய முழங்கால் காப்பு ஒரு ஜோடியும் முகக்காப்பு இரண்டும் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன், அன்றைக்குக் கொண்டுவந்து தருகிறேன். வாளிகளில் மூடிமேல் மெத்தை வைத்தது மட்டும் இன்னொரு சீசனுக்கு எங்களிடமே இருக்கட்டும். எங்கள் சின்ன பிட்சரின் அப்பாவுக்கு முதுகுவலி, அவர் உட்கார அதுதான் வசதியாக இருக்கிறதாம்.

அன்புடன்,
7ஆம் எண் சட்டைக்காரியின் அம்மா