பெற்றோருக்கு நாய்க்குட்டியைப் பரிசளிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக வாழும் முதியோருக்கு நாய் நல்ல துணை என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை சொன்ன நன்மைகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூடவே வந்த படத்தில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாவின் மடியில் இரண்டு மாதக் குட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் இந்த வாரமே குட்டி வாங்கக் கிளம்பியிருப்பார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

நான் இயன்முறை மருத்துவர். இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர்கள், நடுக்குவாதம் உள்ளவர்கள் என்று முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறேன். ஒருவர் நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார், எந்தக் கையை ஊன்றுகிறார், திரும்பும்போது கால் எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே என் தொழில். நாய் வாங்க நினைக்கும் குடும்பங்கள் இனத்தையும் நிறத்தையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்த அப்பாவுக்கோ அம்மாவுக்கோ குனிந்து நிமிர முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நான் பயிற்சி தந்த அம்மா ஒருவருக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்திருந்தது. வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். அந்தச் சமயத்தில் மகன் அன்போடு ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து விட்டார். குட்டியின்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது குட்டிகள் செய்வதைச் செய்தது. வாக்கரின் ரப்பர் முனையைக் கடித்தது, கால்களுக்கு நடுவே ஓடியது, இரவில் இரண்டு மூன்று தடவை வெளியே போகவேண்டும் என்று முனகியது. அப்படி இரவில் எழுவதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. வயதானவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது மிகச் சாதாரணம். அரைத்தூக்கத்தில், அரை இருட்டில், காலடியில் ஒரு குட்டியோடு எழுவது எனக்குத் தெரிந்த மிக ஆபத்தான பயிற்சி. பால்பற்கள் விழுந்து முடிய ஆறு மாதம் ஆகும். அதுவரை கடிப்பதும் நிற்காது. அதற்குள் லாப்ரடாரின் உடம்பு பெரிதாகிவிடும், புத்தி மட்டும் குட்டியாகவே இருக்கும். நன்கு வளர்ந்த லாப்ரடார் 25 கிலோவிலிருந்து 36 கிலோ வரை இருக்கும். அது ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் அதைக் கட்டிய வாரைப் பிடித்திருப்பவரின் தோள் என்ன ஆகும்?

மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நாயை வாரில் பிடித்து நடக்கும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த, 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி 2019-ல் ‘ஜாமா சர்ஜரி’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 2004-ல் ஏறத்தாழ 1,700 ஆக இருந்த அந்த எண்ணிக்கை 2017-ல் சுமார் 4,400 ஆகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. அந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

இதனால் நாயே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. பக்கவாதத்தில் இடது கை செயலிழந்த ஐயா ஒருவர் இருந்தார். தோளை முன்னே நீட்டும் பயிற்சியைச் செய்யச் சொன்னால் நாலைந்து முறையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய தங்கை, தான் வளர்த்து வந்த ஆறு வயது நாயை அவரிடமே விட்டார். நடுத்தர உடம்பு, அமைதியான சுபாவம். சோபாவில் அவருக்கு இடப்பக்கம் வந்து படுத்துக்கொள்ளும். இடது கையில் பிரஷ்ஷைப் பட்டையால் கட்டி, அதன் கழுத்திலிருந்து வால் வரை சீவச் சொன்னேன். நான் கேட்ட அதே அசைவு, அதே தோள், அதே முழங்கை. நாய் எழுந்து போகும்வரை அவர் நிறுத்துவதே இல்லை. அந்தத் தோள் திரும்பியதில் என் பங்கை விட அந்த நாயின் பங்கு பெரிது என்று அவர் மகளிடமே சொன்னேன். நாய் வளர்ப்பவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைய வாய்ப்புண்டு என்று அமெரிக்க இதய சங்கம் 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காக மட்டுமே ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்த ஐயாவுக்கு வாய்த்ததைப் போல, நாலு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்ட, மனிதரோடு வாழ்ந்து பழகிய நாயைத் தேடுங்கள். வளர்ந்த நாயின் சுபாவம் வெளியே தெரியும். பாயுமா, இழுக்குமா, தனியே விட்டால் கத்துமா, தட்டைத் தொட்டால் உறுமுமா என்பதை முன்பு வளர்த்தவரிடமோ காப்பகத்திலோ கேட்டறியலாம், நேரிலும் பார்க்கலாம். குட்டியிடம் இவற்றில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணக்கும் இருக்கிறது. சிறிய இன நாய்கள் பதினைந்து ஆண்டுகள்கூட வாழும். 78 வயதானவருக்கு இன்று ஒரு குட்டியைக் கொடுத்தால் அது மூப்படையும்போது அவருக்கு என்ன வயதாகியிருக்கும்?

சிறிய நாய் என்றால் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள நாய் காலடியிலேயே சுற்றும், கண்ணுக்குத் தெரியாது. கண்புரை உள்ளவருக்கு இருண்ட கம்பளத்தின் மேல் படுத்திருக்கும் கறுப்பு நாய் இல்லாததற்குச் சமம். மிதித்தால் இருவருக்கும் அடி. பத்துக் கிலோவை ஒட்டிய, வெளிர் நிறமுள்ள, மெதுவாக நடக்கும் நாய் என்றால் எனக்கு நிம்மதி. எப்படியானாலும் கழுத்துப்பட்டையில் ஒரு மணி கட்டுங்கள். காது சரியாகக் கேட்காதவர் என்றால் மணியோடு, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கும் வேண்டும்.

இனங்களைப் பற்றி நிறையப் பேச நான் கால்நடை மருத்துவர் அல்ல. ஆனாலும் பார்த்ததைச் சொல்கிறேன். பார்டர் கோலி, ஜாக் ரஸ்ஸல் போன்றவை நாள் முழுக்க வேலை கேட்கும், முதியவர் வீட்டில் அவற்றுக்கும் நிம்மதி இருக்காது. பக் போன்ற தட்டை முகம் கொண்டவை மூச்சுக்குத் திணறும், அடிக்கடி மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். ஷீ ட்ஸூ, மால்டீஸ் சாதுவானவைதான், ஆனால் முடியைத் தினமும் சீவாவிட்டால் சடை பிடித்துவிடும். விரல் மூட்டுகள் வீங்கியவருக்கு அது தண்டனை. ஆச்சரியம் என்னவென்றால், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் பெரிய உடம்போடு இருந்தாலும் பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். கலப்பின நாய்களில் இருக்கும் சாதுக்களை இனப்பெயர் பார்த்துத் தேடுகிறவர்கள் தவறவிட்டு விடுகிறார்கள்.

நாயைக் கொண்டுவரும் முன் வாரின் கொக்கியை அந்தப் பெரியவரே மாட்டிக் கழற்றிக் காட்டட்டும். விரலால் அழுத்தித் திறக்கும் சிறிய கொக்கியைத் திறக்க முடியாமல், நாயை வாசலில் கட்டிய நிலையிலேயே வைத்துக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய பிடியுள்ள கொக்கிகள் கிடைக்கின்றன. வாரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நீண்டு சுருங்கும் வகை வார் வேண்டவே வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைக் குனியாமல் எடுக்கும் உயரத்தில் ஒரு முக்காலியில் வையுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதியவர்களின் கை நழுவி மாத்திரைகள் தரையில் விழும், நாய் நொடியில் விழுங்கிவிடும். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நானே பரிந்துரைக்கும் மூட்டுவலிக் களிம்புகளில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து உள்ளவற்றை நாய் நக்கினாலும் ஆபத்துதான், தடவிய முழங்காலை மூடி வையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரெனச் சரித்துவிடும், ஈரலையும் தாக்கும். மாத்திரையை மேசை மேல் ஒரு தட்டில் கொட்டி, அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் போதும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களின் தோலில் சிறு நகக் கீறல்கூட நெடுநேரம் கசியும். ஆகவே நாயின் நகத்தை யார் வெட்டப் போகிறார்கள் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். மறதி நோய் தொடங்கியவர் என்றால் நாய்க்குச் சோறு போட்டோமா என்பதே மறந்து இரண்டு தடவை போடுவார், அல்லது போடாமலே விடுவார். அந்த வீட்டில் தினமும் வந்து பார்க்க ஒருவர் இல்லாமல் நாய் கூடாது.

அப்பா மருத்துவமனையில் சேர்ந்தால் அன்றிரவு நாய் எங்கே போகும்? பதில் சொல்ல முடியாத குடும்பம் நாயை வாங்குவதைத் தள்ளிப் போடட்டும். நாயை யாரிடம் விடுவது என்ற கவலையிலேயே, சேர வேண்டிய நேரத்தில் மருத்துவமனைக்கு வர மறுத்தவர்களை நான் அறிவேன். நாயைப் பார்த்துக்கொள்பவரின் பெயர், அவரால் முடியாவிட்டால் வரும் இன்னொருவரின் பெயர், கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு செய்ய வேண்டியவர் அவர்தான். சர்ப்ரைஸ் என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு நாட்களில் அவரை அழைத்துப்போய் நாயோடு உட்கார வையுங்கள். அவர் எழுந்து நடக்கும்போது நாய் எந்தப் பக்கம் வருகிறது, குறுக்கே பாய்கிறதா, வாக்கரைக் கண்டு மிரள்கிறதா என்று பாருங்கள். “எனக்கு வேண்டாம்மா, இனிமேல் ஒன்றை இழக்க என்னால் முடியாது” என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் சில நாள் பக்கத்து வீட்டு நாயோ, தெரிந்தவரின் நாயோ வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி வெளியிடும்போது, காப்பகங்களில் யாரும் கேட்காமல் காத்திருக்கும் ஆறேழு வயது நாய் ஒன்றின் படத்தைப் போடுங்கள். முதியோர் வீட்டில் இருக்கும் மருந்துகளில் நாய்க்கு நஞ்சாகக் கூடியவை எவை என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதே பக்கத்தில் ஒரு பட்டியலும் வெளியிட்டால், நான் போகும் வீடுகளில் எல்லாம் அதை வெட்டி ஒட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் வாசகி