செயலாளர் ஆண்டறிக்கை: ஓசூர்த் தோட்டங்களில் நீல அனிமோன்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் விசாரித்தது நீல அனிமோன் என்ற பூச்செடியைப் பற்றித்தான் என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ரோஜாவுக்குப் பேர்போன ஊரில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நீலத்துக்காகத்தான். அந்த நிறத்துக்கு வேண்டிய டெல்பினிடின் நிறமி ரோஜாவில் இயல்பாக உண்டாவதில்லை, அனிமோனில் உண்டு.

நாம் நட்டது மத்தியதரைக் கடல் நாடுகளின் அனிமோன் கொரோனேரியா; அதில் ‘மிஸ்டர் ஃபோக்கர்’ என்ற நீல ரகம். அங்கே குளிர்கால ஈரத்தில் வளர்ந்து, வசந்தத்தில் பூத்து, கோடையில் மண்ணுக்குள் உறங்கும் செடி இது. நமக்கு அது கார்த்திகையில் நடவு, மாசியில் பூ. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், தளிப் பக்கம் மார்கழிக் குளிர் இதற்குப் போதுமானதாக இருந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி உறுப்பினர்களுக்கு இலை வந்தது, பூ சரியாக வரவில்லை. அவர்கள் மறுபடி செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சங்குப்பூவும் விஷ்ணுகிரந்தியும் அந்த வெயிலைத் தாங்கும்; அந்த நீலமும் அழகுதான்.

கிழங்கு காய்ந்த சுக்குத் துண்டு போல இருக்கும். சில மணி நேரம் ஊறவைத்தால் பருத்துவிடும்; உடனே நட வேண்டும். மேல் கீழ் தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தால் போதும். செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்தவர்களுக்கு நன்றாக வந்தது. முளை வரும் முன்பே தினமும் தண்ணீர் ஊற்றிய பாத்திகளில் கிழங்கு அழுகியது. செடியின் சாறு பட்டால் தோல் அரிக்கும். ஆடு மாடு வாய் வைக்காதபடி வேலி அவசியம்.

அப்புறம், இதன் உறவுச்செடியான அனிமோன் ரிவுலாரிஸ் நீலகிரிப் புல்வெளிகளில் தானாகவே வளர்கிறது. வெள்ளைப் பூ, இதழின் பின்பக்கம் நீலச் சாயல். அதைப் பார்க்க ஒரு பயணம் போகலாம் என்று முன்மொழிகிறேன். பார்ப்பதற்கு மட்டும், பறிப்பதற்கு அல்ல.

இலை மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்தி வைத்திருப்பவர்கள் ஐப்பசிக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், பகிர்ந்துகொள்ளலாம். புதிதாக வேண்டுவோர் ஆடி முடிவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்