பழைய கணக்கோடு ஜப்பான் போகாதீர்கள்

ஆசிரியருக்கு,

மாணவனாகக் கையில் காசில்லாமல் ஜப்பானைச் சுற்றியவன், இந்த வருடம் மனைவியோடு திரும்பப் போனேன். வெளிநாட்டுப் பயணிகள் ஜப்பான் ரயில்களில் விரும்பியபடி போக வாங்குகிற ஏழு நாள் ஜேஆர் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 ஒக்டோபரில் 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர மட்டும் என்றால் நட்டம்தான். மாணவனாகப் போன காலத்தில் என்னைக் காப்பாற்றியது செய்ஷுன் 18 டிக்கெட் (பெயரில்தான் 18, எந்த வயதுக்காரரும் வாங்கலாம்). ஷின்கன்சென் என்கிற அதிவேக ரயிலில் ஏறமுடியாது, ஆனால் அப்போது விரும்பிய ஐந்து நாட்களில் சாதாரண ரயில்களில் எவ்வளவு தூரமும் போகமுடிந்தது, மழையென்றால் அறையில் படுத்துக்கிடக்கவும் முடிந்தது. 2024 குளிர்காலத்தில் 12,050 யென் விலையைக் கூட்டாமல், ஐந்து நாட்களையும் தொடர்ந்தே பாவிக்கவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இது விலையேற்றத்தை விடக் கவலை. சிக்கனமாகப் போகிற பிள்ளைகள் இரவு பஸ்ஸைப் பாருங்கள், கொழும்பு பஸ்ஸில் நித்திரை கொள்ளப் பழகிய எங்களுக்கு அது பெரிய விசயமில்லை.

வாசகன்,
நல்லூர், யாழ்ப்பாணம்.